தாத்தா நிஜமாகவே நேவி பேண்டில் இருந்தாரா? பழைய படத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் பல வீடுகளில் இப்படி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கும். பித்தளைப் பொத்தான், தோளில் சரிகை, கையில் ட்ரம்பெட். யாரென்று கேட்டால் "தாத்தா நேவில பேண்டு வாசிச்சாரு" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான், நானும் முப்பது வருஷம் நம்பினேன். ஒரு நாள் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தால், நடுவில் இருக்கும் பெரிய ட்ரம்மில் ஒரு கல்யாண பேண்டு செட்டின் பெயர், கூடவே தெருப் பெயர்!

அதனால் முதலில் ட்ரம்மைப் பாருங்கள், சட்டையை அப்புறம் பார்க்கலாம். பேண்டு செட்டுக்காரர்கள் பட்டாளத்து உடுப்பைப் பார்த்துத்தான் தங்கள் சட்டையைத் தைத்துக்கொண்டார்கள், ஆகவே சரிகையையும் பொத்தானையும் நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. ட்ரம்மில் வரைந்திருப்பது ஏமாற்றாது. ராணுவ பேண்டு என்றால் ரெஜிமெண்டின் சின்னமும், பெரும்பாலும் அது போரிட்ட இடங்களின் பெயர்களும் இருக்கும்.

அடுத்தது தொப்பி. மாலுமிகளின் வட்டத் தொப்பியைச் சுற்றியுள்ள நாடாவில் எழுத்து இருக்கும். எச்.எம்.ஐ.எஸ். (பிரிட்டிஷ் மன்னரின் இந்தியக் கப்பல்) என்றிருந்தால் 1950-க்கு முந்தைய படம், ஐ.என்.எஸ். (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்றால் 1950 ஜனவரி 26-க்குப் பிந்தையது. போர்க்காலத்தில் ரகசியம் கருதிக் கப்பல் பெயரைப் போடாமல் வெறும் எச்.எம்.ஐ.எஸ். என்று மட்டும் போட்ட நாடாக்களும் உண்டு, அதனால் பெயர் இல்லையே என்று குழம்ப வேண்டாம். பிரிட்டிஷ் காலத்து இந்தியக் கடற்படைக்கு ராயல் இந்தியன் நேவி என்ற பெயரே 1934-ல்தான் வந்தது, அதற்கு முன்பு அது ராயல் இந்தியன் மரைன். நம் கடற்படை பேண்டின் தொடக்கம் 1945. ஆகவே "1930-லேயே நேவி பேண்டில் இருந்தார்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படலாம், தரைப்படை பேண்டாகக்கூட இருக்கலாம்.

சட்டைக் கையில் சின்னதாக யாழ் போன்ற சின்னம் தெரிந்தால் நல்ல அறிகுறி, பிரிட்டிஷ் வழிப் படைகளில் அது வாத்தியக்காரரின் அடையாளம். இன்னொரு குழப்பமும் உண்டு: சண்டை நேரத்தில் பேண்டுக்காரர்கள் வாத்தியத்தை வைத்துவிட்டு, காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவது அந்தப் படைகளின் வழக்கம். "மிலிட்டரி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்" என்ற வீட்டுக் கதையின் அடியில் ஒரு கிளாரினெட் ஒளிந்திருக்கலாம்.

மெடல் இருந்தால் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியர்களுக்குக் கொடுத்த மெடல்கள் பலவற்றில் அவருடைய படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும்.

எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாலுமிகளின் பதிவுகளுக்கு மும்பை மான்குர்டில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ் அலுவலகம், தரைப்படையில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூரு. உறவைக் காட்டும் ஆவணத்தோடு எழுதுங்கள், பதிலுக்குப் பொறுமை வேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம், பெயரின் ஸ்பெல்லிங்கை நாலைந்து விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

படையிலிருந்து விடுவித்த டிஸ்சார்ஜ் தாளில் 1946 என்றிருந்தால் உடனே "கடற்படைக் கலகத்தில் இருந்தார்" என்று எழுதிவிடாதீர்கள். இந்திய மாலுமிகள் பிரிட்டிஷாரை எதிர்த்து அந்த வருஷம் பிப்ரவரி 18-ல் பம்பாயில் தொடங்கிய அந்தக் கலகம் சென்னை வரை எட்டியது உண்மைதான். ஆனால் போர் முடிந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பியதும் அதே வருஷம்தான். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

கடைசியில் என் தாத்தா மாதிரி பேண்டு செட்டுக்காரர் என்றே தெரிந்தால் படத்தைக் கழற்றிவிடாதீர்கள். அந்த இசைக்கும் வடசென்னைக்கும் உறவு ரொம்பப் பழையது. மணலியில் முதலியார் ஆதரவில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர், கோட்டையில் கேட்ட வெள்ளைக்கார பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அதுதான். "சந்ததம் பாஹிமாம்" என்று பாடுவது பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு, கேட்டுப் பாருங்கள்.