காகிதக் கவசத்துக்கு எந்தத் தாள்?

வேடம் போடுவதற்காகத் தாளில் செய்த என் முதல் தலைக்கவசத்தின் இடது கன்னம் ஒரே இரவில் உள்வாங்கிவிட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து வெட்டி ஒட்டியது. ஒட்டி முடித்த அன்று விளிம்பெல்லாம் அச்சாக நின்றது. பூசிய பின் கெட்டியாக இறுகும் பிசின் திரவமான ரெசினைப் பூசிக் காயவைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கன்னம் குழிந்து, அந்தக் குழி அப்படியே கல்லாக இறுகியிருந்தது. வெட்டியதிலோ ஒட்டியதிலோ பிசகில்லை. நான் எடுத்தது வீட்டுப் பிரிண்டரில் கிடந்த சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள். ஈர ரெசினின் கனத்தை அதனால் தாங்க முடியவில்லை.

பெபாகுராவில், அதாவது கணினியில் உள்ள முப்பரிமாண வடிவத்தைத் தட்டையாக விரித்துத் தாளில் அச்சிட்டு, வெட்டி ஒட்டும் முறையில், கவசம் செய்ய வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தத் தாள் கெட்டி என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, ஒட்டி முடித்த பிறகு அதன்மேல் என்ன பூசப் போகிறீர்கள் என்று. கடைசியில் உடம்பில் ஏறும் கவசத்துக்குப் பலம் தருவது ரெசினும் உள்ளே ஒட்டும் ஃபைபர்கிளாஸ் என்ற கண்ணாடி இழைத் துணியும். அவை இறுகும்வரை வடிவம் குலையாமல் நிற்பதுதான் தாளின் வேலை. அந்த வேலைக்கு ஏற்ற தாளைத்தான் தேட வேண்டும்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 200 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 12.5 கிராம். 30 தாள் பிடிக்கும் தலைக்கவசத்துக்கு, கழிவையும் சேர்த்து, 375 கிராம் தாள். அதையே 300 ஜிஎஸ்எம்மில் செய்தால் 560 கிராமைத் தாண்டும். ரெசினும் பெயின்ட்டும் ஏறிய பிறகு அதைத் தலையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கப் போகிறவர் நீங்கள். கழுத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கர்கள் எழுதும் குறிப்புகளில் ‘110 பவுண்டு’ என்று பார்ப்பீர்கள். இங்கே கவனம் வேண்டும். 110 பவுண்டு இண்டெக்ஸ் என்றால் சுமார் 199 ஜிஎஸ்எம். 110 பவுண்டு கவர் என்றாலோ ஏறக்குறைய 298. எண் ஒன்றுதான், தாள் வேறு. பவுண்டுக் கணக்கில் ஒவ்வொரு வகைத் தாளுக்கும் அடிப்படை அளவு வேறு என்பதால் வரும் குழப்பம் இது. கவசம் செய்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இண்டெக்சைத்தான். சந்தேகம் வந்தால் பவுண்டை விட்டுவிட்டு ஜிஎஸ்எம்மைப் பாருங்கள்.

ரெசின் பூசுவதாக இருந்தால் என் கை தானாகப் போவது 180 முதல் 220 வரையுள்ள அட்டைத்தாளுக்கு. மார்பு, முதுகு போன்ற அகலமான பரப்புகளுக்கு 220. அங்கே தாள் மெலிந்தால் நடுவில் தொய்யும். மூக்கு, காது, விரல் என்று ஒரு சென்டிமீட்டருக்குள் நாலு மடிப்பு வரும் இடங்களுக்கு 160. ஒரே கவசத்தில் இரண்டு தடிமன் கலக்கலாமா என்றால், தாராளமாகக் கலக்கலாம். ஆனால் இரண்டும் சந்திக்கும் விளிம்பில் ஒட்டுநாக்கு (பசை தடவி ஒட்டுவதற்காக விளிம்பில் விடும் சிறு பட்டை) மெல்லிய தாளின் பக்கம் இருக்கட்டும். தடித்த நாக்கு ஒட்டிய இடம் வெளியே மேடாகத் தெரியும்; பிறகு அதைத் தேய்த்துச் சமன் செய்வது பெரும்பாடு.

300க்கு மேல் போகவே வேண்டாம் என்பது என் முடிவு. மடிப்புக்கோட்டை எவ்வளவு அழுத்திக் கீறினாலும் மேற்பரப்பு வெடிக்கிறது, சிறிய நாக்குகள் மடங்க மறுத்து எழும்புகின்றன. வீட்டுப் பிரிண்டர்கள் பலவும் அந்தத் தடிமனை இழுக்காது. உங்கள் பிரிண்டரின் கையேட்டில் அதிகபட்ச ஜிஎஸ்எம் போட்டிருக்கும், வாங்குவதற்கு முன் பாருங்கள். பின்பக்கத்திலிருந்து தாள் செருகும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அடித்தட்டிலிருந்து இழுக்கும் பிரிண்டரில் தாள் உள்ளே வளைந்து திரும்ப வேண்டும். அட்டைத்தாள் அங்கேதான் சிக்கும்.

தடிமனைவிட முக்கியமாக நான் பார்ப்பது மேற்பூச்சு. பளபளப்பான தாளில் அச்சு அழகாக விழும், ஆனால் ரெசின் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, காய்ந்த பிறகு ஓடு ஓடாக உரியும். நமக்கு வேண்டியது பூச்சில்லாத, சற்றுச் சொரசொரப்பான தாள். ஒரு துண்டு வெட்டி ஒரு பக்கம் ரெசின் தடவிப் பாருங்கள். தாள் நிறம் மங்கி, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரிந்தால் ரெசின் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்தத் தாளை நம்பி வாங்கலாம். இதைச் செய்யும்போதும் வெளியே காற்றோட்டத்தில், ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடியோடு செய்யுங்கள். தூசிக்குப் போடும் துணி முகமூடி ரெசின் ஆவியைத் தடுக்காது.

அடுத்தது இழை ஓட்டம். மரத்துக்கு இருப்பதுபோல் தாளுக்கும் உண்டு. தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் அச்சு இழையோடு ஒட்டிப் போகிறது. இழையோடு மடித்தால் கத்தி போன்ற விளிம்பு வரும், குறுக்கே மடித்தால் பிசிறடிக்கும். எல்லாத் துண்டையும் இழைக்கு ஏற்பத் திருப்பி அடுக்க முடியாது. முன்கைக் கவசம், கால் கவசம் போல் உருளையாகச் சுருளும் நீளத் துண்டுகளையாவது அப்படி அடுக்குங்கள். சுருளின் நீளம் இழையோடு போகட்டும். இந்தச் சிறு மாற்றம் என் கால் கவசங்களைக் காப்பாற்றியது.

ரெசின் வேண்டாம், காகிதக்கூழோ வெள்ளைப் பசையில் நனைத்த துண்டுத் தாளோ ஒட்டி இறுக்குகிறேன் என்பவர்கள் 220க்குக் கீழே போகாதீர்கள். தண்ணீர் பட்டதும் தாள் ஊறி நெளியும். ஒரு படலம் முழுக்கக் காய்ந்த பின்பே அடுத்தது. மாறாக, ஃபோமில் கவசம் வெட்டி, தாளை வெறும் அளவுப் படிவமாக வைத்துக்கொள்பவர்களுக்கு 80 ஜிஎஸ்எம்மே போதும். அங்கே தடித்த தாள் வீண்.

சார்ட் அட்டை, பலகாரப் பெட்டி அட்டை எல்லாம் உதவுமா என்பது அடுத்து வரும் கேள்வி. பெரிய தட்டையான முதுகுப்பட்டைக்கு உள்ளே முட்டுக் கொடுக்க உதவும். மடிப்பு நிறைந்த வடிவங்களுக்கு ஆகாது.

வாங்கும்போது ஒரே பாக்கெட்டிலிருந்து முழுக் கவசத்துக்கும் எடுங்கள். படிவத்தில் 30 பக்கம் என்றால் 36 தாள். ஒரே எண் போட்டிருந்தாலும் வேறு பாக்கெட்டின் தடிமனும் விறைப்பும் சற்று மாறலாம், விளிம்புகள் சேரும் இடத்தில் அது காட்டிக்கொடுக்கும். மீதியைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் படுக்கையாக வையுங்கள். தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துபோகும். உறையின் மேல் ஜிஎஸ்எம்மையும் இழை ஓடும் திசைக்கு ஓர் அம்புக்குறியையும் எழுதி வைத்துவிடுவேன். ஆறு மாதம் கழித்து ஒரு தோள்பட்டையை மட்டும் மறுபடி செய்ய வேண்டி வரும்போது அதைத்தான் முதலில் தேடுவேன்.