சேறாகிப்போன வெள்ளைத் திரையைச் சரிசெய்தது எப்படி

பிரெஞ்சு ஓவியர் பெர்த் மோரிசோ 1872இல் வரைந்த ‘தொட்டில்’ ஓவியத்தைப் பார்த்துத்தான் எண்ணெய் வண்ணம் பழகினேன். தூங்கும் குழந்தை, கன்னத்தில் கைவைத்துப் பார்க்கும் தாய், நடுவே மெல்லிய வெள்ளைத் திரை. அந்தத் திரைதான் என்னைப் படுத்தி எடுத்தது. நிழலுக்குக் கறுப்பைப் பூசி, அது காயும் முன்பே மேலே வெள்ளையை இழுத்ததில் எல்லாம் அழுக்குச் சாம்பலாகிவிட்டது.

சரி என்று கத்தியால் சுரண்டிவிட்டு, கறுப்பையே ஒதுக்கினேன். அல்ட்ராமரின் என்ற அடர்நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தைச் சேர்த்தால் அடர்ந்த நிழல் கிடைக்கிறது, அதில் வெள்ளை கலந்தால் சாம்பல்கூட எவ்வளவு உயிரோடு இருக்கிறது! குழந்தையை வரைந்து ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டேன். அப்புறம் உலர்ந்த தூரிகையில் துளி வெள்ளை தொட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பு. அடிநிறம் இடையிடையே எட்டிப் பார்க்க, திரைக்குப் பின்னால் குழந்தை தெரிந்தது.