லவ்கிராஃப்டின் இளமைக்காலத்தை ஆராய்வது எப்படி?

அமெரிக்க எழுத்தாளர் ஹெச். பி. லவ்கிராஃப்டின் அமானுஷ்யக் கதைகளுக்கு வேர் தேடுவோர் பெரும்பாலும் அவருடைய தந்தையின் மனநோயிலிருந்தே தொடங்குகிறார்கள். 1893இல் மனநிலை பிறழ்ந்து பட்லர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட தந்தை 1898இல் அங்கேயே இறந்தார் என்பது உண்மைதான்; ஆயினும் அந்த ஒரு துயரத்தைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

முதலில் பாட்டனார் விப்பிள் ஃபிலிப்ஸின் வீட்டுக்குள் செல்லுங்கள். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1890இல் பிறந்த லவ்கிராஃப்ட், அங்கேதான் ஆயிரத்தொரு இரவுக் கதைகளையும் கிரேக்கப் புராணங்களையும் படித்தார். பாட்டனார் தாமே கற்பனை செய்து சொன்ன பேய்க்கதைகளைக் கேட்டார். எட்டாம் வயதில் திகில் கதை எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதைகளை வந்தடைந்தார்.

படித்தவற்றோடு கனவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 1896 ஜனவரியில் பாட்டி இறந்தபோது வீட்டுப் பெண்கள் அணிந்த கறுப்புத் துக்க உடையைக் கண்டு மிரண்ட சிறுவனின் உறக்கத்தில், முகமே இல்லாத, ஒல்லியான, ரப்பர் போன்ற கரிய உடலும் சிறகுகளும் கொண்ட உருவங்கள் ஓசையின்றி வந்து, வயிற்றைப் பற்றித் தூக்கிக்கொண்டு பறந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய கனவுலகக் குறுநாவலில் அதே உருவங்கள் வருகின்றன. இதை அவருடைய கடிதங்களிலிருந்தே அறிகிறோம்; அவை பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டவை என்பதையும் மறவாதீர்கள்.

வானியலுக்கே மிகுதியான இடம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1903இல், பதின்மூன்றை எட்டும் வயதில், அவர் வானியலுக்கென்றே ஓர் இதழைக் கையால் எழுதி, ஜெலட்டின் பரப்பில் பதித்துப் படியெடுத்து வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார். பேரண்டத்தின் முன் மனிதன் ஒரு பொருட்டே அல்ல என்ற, அவருடைய கதைகளின் அடிநாதமான அச்சம், பேய்க்கதைகளைக் காட்டிலும் வானை நோக்கிய அவருடைய தொலைநோக்கிக்கே அதிகம் கடன்பட்டது. அவர் சிறுவயதிலேயே வரித்துக்கொண்ட இனவெறியையும் மறைக்காமல் பதிவு செய்யுங்கள். அந்நியர் மீதான அச்சமாக அதுவும் கதைகளுக்குள் புகுந்திருக்கிறது.

யாருடைய தாக்கம் என்று முடிவு கட்டும் முன் ஆண்டுகளை ஒப்பிடுங்கள். லவ்கிராஃப்டின் ‘போலாரிஸ்’ கதையைப் படிப்பவர்கள் அயர்லாந்தின் மிகுகற்பனைக் கதை எழுத்தாளர் டன்சேனி பிரபுவின் சாயலை உடனே காண்பார்கள். ஆனால் அது 1918இல் எழுதப்பட்டது, டன்சேனியை அவர் முதன்முதலாகப் படித்ததோ 1919இல்.