கடுமையான ஆஸ்துமாவோடு இங்கிலாந்து வருகிறீர்களா? சூட்கேஸ் மருந்தைப் பற்றி முதலில்

ஆஸ்துமா உள்ள ஒருவர் இங்கிலாந்துக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் முதல் அறிவுரை இதுதான்: "ஒரு வருஷத்துக்கு மருந்து வாங்கிக்கிட்டு வந்துடுங்க, அங்க டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே கிடைக்காது." லேசான வீசிங் என்றால் எப்படியோ ஓட்டிவிடலாம். ஆனால் இன்ஹேலரை முழு அளவில் எடுத்தும், வருஷத்துக்குப் பல தடவை ஸ்டீராய்டு மாத்திரையில் போய் நிற்கிறவர் நீங்கள் என்றால், இந்த அறிவுரையைக் கேட்டு வந்து நிறைய இழப்பீர்கள். என் நண்பர் இழந்தார். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, அவரோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவன்.

சடங்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு கிடைத்த வாரமே பக்கத்து ஜிபி சர்ஜரியில், அதாவது குடும்ப டாக்டரின் கிளினிக்கில், பதிந்துகொள்ளுங்கள். பதிவு இலவசம். பாஸ்போர்ட்டோ முகவரிச் சான்றோ இல்லை என்பதற்காகப் பதிய மறுக்கக் கூடாது என்பதுதான் என்ஹெச்எஸ் என்கிற அரசு மருத்துவச் சேவையின் விதி. ரிசப்ஷனில் முகம் சுளித்தால் இணையத்தில் பதியலாம். என்ஹெச்எஸ் ஆப்பைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள், அது எதற்கு என்று பிறகு வரும். ராத்திரியில் சந்தேகம் என்றால் 111, அது மருத்துவ ஆலோசனைக்கான போன் எண். மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை என்றால் யோசிக்காமல் 999-இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

செலவு? மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, 2024 மே மாதம் வைத்த விலை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவருக்கும், தைராய்டு குறைவு உள்ளவருக்கும் இலவசம், ஆஸ்துமாக்காரருக்குக் கிடையாது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் வயிறு எரிகிறது. 114.50 பவுண்டுக்கு வருஷச் சான்றிதழ் ஒன்று உண்டு, 10 தவணையாகவும் கட்டலாம். அதை எடுத்துவிட்டால் எத்தனை மருந்து வாங்கினாலும் தனியாகக் காசில்லை; வருஷத்துக்கு 12 மருந்து வாங்கினாலே லாபம்தான். ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ குடியேறுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அங்கே மருந்துச் சீட்டுக்குக் கட்டணமே இல்லை.

இப்போது முக்கியமான விஷயம்.

ஊரில் நமக்கு ஒரு செஸ்ட் டாக்டர் இருப்பார். நேராக அவரிடம் போவோம். எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட், பழைய சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் நம் கையில் இருக்கும். டாக்டரை மாற்றினால் கவர் நம்மோடு வரும். இங்கே கவர் கிடையாது. ஜிபி, ஆஸ்துமா நர்ஸ், மருந்தாளுநர், 111-இல் பேசுகிறவர், ராத்திரி டாக்டர், ஏ அண்ட் ஈ என்கிற ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, நுரையீரல் நிபுணர் என்று ஆளுக்கு ஒரு துண்டாக உங்களைப் பார்ப்பார்கள். ஒரே ஜிபியை இரண்டு முறை பார்த்தாலே அதிர்ஷ்டம். இவர்கள் எல்லோரையும் கட்டி வைத்திருப்பது ஜிபியின் கணினியில் உள்ள பதிவு ஒன்றுதான். அதில் ஏறாத ஆஸ்துமா தாக்குதல், நீங்கள் எவ்வளவு திணறியிருந்தாலும், அவர்கள் கணக்கில் வராது.

என் நண்பர் வரும்போது ஃபோராகார்ட், அஸ்தாலின் இன்ஹேலர்கள், டெரிஃபிலின் மாத்திரை என்று பாதி பெட்டியை நிரப்பிக்கொண்டு வந்தார். தீர்ந்தால் அவருடைய அம்மா, ஊரிலிருந்து கிளம்புகிற யார் தலையிலாவது கட்டி அனுப்பிவிடுவார். வைசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் "காலை சாப்பிட்டு" என்று எழுதியிருப்பார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கே என் அம்மா ஞாபகம் வரும். இழுப்பு முற்றினால் அந்த அட்டையைப் பிரித்து ஐந்து நாள் போடுவார், அடங்கிவிடும். லீவு போட வேண்டாம், போனில் வரிசையில் காத்திருக்க வேண்டாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். கெட்டிக்காரத்தனம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஒரு குளிர்காலத்தில் எதற்கும் அடங்காமல் ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார், அங்கிருந்து கடுமையான ஆஸ்துமாவுக்கான தனிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நல்லது நடக்கப்போகிறது என்று நானும் கூடப் போனேன். அங்கிருந்த சிறப்பு நர்ஸ் கேட்டார்: போன 12 மாதத்தில் எத்தனை தடவை ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தீர்கள்? இவர் ஐந்தாறு இருக்கும் என்றார். நர்ஸ் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் இருந்தது ஒன்றே ஒன்று, ஆம்புலன்ஸில் போனது. அடுத்த வரி இன்னும் மோசம். ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலரை வருஷம் முழுக்க இரண்டே தடவைதான் பார்மசியில் வாங்கியிருக்கிறார். காலையும் மாலையும் ஒரு வேளை தவறாமல் ஊர் ஃபோராகார்ட்டை எடுத்த மனிதர் அவர். பிறகு வீட்டுக்கு வந்த கடிதத்தில், மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை.

இதில் என்ன போச்சு என்று கேட்கலாம். கடுமையான ஆஸ்துமாவுக்கு இப்போது பயலாஜிக் ஊசிகள் இருக்கின்றன: ஓமலிசுமாப், மெப்போலிசுமாப், பென்ரலிசுமாப், டுபிலுமாப், டெசெபெலுமாப். பொருந்துகிறவர்களுக்குத் தாக்குதல்களை வெகுவாகக் குறைக்கும், ஸ்டீராய்டு மாத்திரையிலிருந்து விடுவிக்கவும் செய்யும். விலை அதிகம் என்பதால் யாருக்குத் தரலாம் என்று நைஸ் (என்ஹெச்எஸ்ஸில் எந்த மருந்தைத் தரலாம் என்று முடிவு செய்யும் அமைப்பு) வரையறை வைத்திருக்கிறது. மெப்போலிசுமாப்புக்கு 2021-இல் வந்த வரையறையைப் பாருங்கள். ரத்தத்தில் ஈசினோபில் என்கிற வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்து, கடந்த 12 மாதத்தில் ஸ்டீராய்டு தேவைப்பட்ட தாக்குதல் 4 ஆவது இருக்க வேண்டும். ஈசினோபில் 400-ஐத் தொட்டால் 3 தாக்குதல் போதும். தினமும் தொடர்ந்து ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. இதெல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கொடுத்த மருந்தை ஒழுங்காக எடுத்தும் அடங்கவில்லை என்று தெரிய வேண்டும்.

ஆக, அம்மா அனுப்பிய ஒவ்வொரு அட்டையும் அவருடைய கணக்கிலிருந்து ஒரு தாக்குதலை அழித்துவிட்டது.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஸ்டீராய்டு மாத்திரை ரத்தத்தில் ஈசினோபிலை இறக்கிவிடும். கிளினிக்கில் ரத்தம் எடுத்த நாளில் இவர் முந்தைய வாரம் தானாக ஆரம்பித்த வைசோலோனில் இருந்தார். கேட்டபோது சொல்லவில்லை, திட்டுவார்கள் என்று பயம். எண் தரையில் கிடந்தது. உங்களுக்கு அந்த வகை ஆஸ்துமா இல்லை போலிருக்கிறது என்றார்கள். ஊரில் எடுத்த பழைய ரிப்போர்ட்டை அவருடைய தம்பி தேடி எடுத்து அனுப்பிய பிறகுதான் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் முறையாக ஒவ்வொரு தாக்குதலும் பதிவாகி, ஊசி கைக்கு வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அதில் பாதி நாள் அவர் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்.

ஆகவே என்ன செய்ய வேண்டும்? ஊரிலிருந்து ஒன்றிரண்டு மாதத்துக்கு மருந்து கொண்டு வாருங்கள், ஜிபி கிடைக்கும்வரை கை காக்கும். அதைவிட முக்கியம் காகிதம்: டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசினோபில், ஐஜிஇ (அலர்ஜிக்கான ரத்தச் சோதனை) ரிப்போர்ட், ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை, எந்தெந்த மாதம் ஸ்டீராய்டு எடுத்தீர்கள் என்ற சீட்டுகள். முதல் ஜிபி சந்திப்பிலேயே நகல் கொடுத்து, பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். பிராண்ட் பெயர் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மைக்ரோகிராமையும் எழுதிக்கொண்டு போங்கள். ஃபோராகார்ட்டில் இருக்கும் புடெசோனைடும் ஃபார்மோடெராலும்தான் இங்கே சிம்பிகார்ட் இன்ஹேலரில் இருக்கிறது. ஊர் மருந்துதான் கேட்கும் என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை. அப்புறம் அதே இன்ஹேலரை மாதாமாதம் பார்மசியிலிருந்தே வாங்குங்கள். நீங்கள் மருந்து எடுக்கிறீர்கள் என்பதற்கு இங்கே அதுதான் சாட்சி.

வீட்டில் அவசரத்துக்கு ஸ்டீராய்டு வேண்டுமா? ஜிபியிடமோ கிளினிக்கிலோ கேளுங்கள். பொருத்தமானவர்களுக்கு, எப்போது ஆரம்பிப்பது என்று எழுதிய திட்டத்தோடு பிரெட்னிசலோன் கொடுத்து வைப்பார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 40 மில்லிகிராமிலிருந்து. அதாவது 5 மில்லிகிராம் மாத்திரை எட்டை காலையில் ஒரேயடியாக விழுங்க வேண்டும், குறைந்தது 5 நாள். ஆரம்பித்த அன்றே சர்ஜரிக்குச் சொல்லிவிடுங்கள். ஏ அண்ட் ஈயிலோ ராத்திரி டாக்டரிடமோ கோர்ஸ் வாங்கினால், அங்கிருந்து போகும் கடிதம் ஜிபியிடம் ஒரு கோப்பாகப் போய்ப் படுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் கழித்து ஆப்பில் பாருங்கள். ஆஸ்துமா தாக்குதல் என்று தேதியோடு பதிவாகவில்லை என்றால் போன் செய்து ஏற்றச் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சை பெற்றவரை இரண்டு வேலை நாளுக்குள் ஜிபி சர்ஜரியில் பார்க்க வேண்டும் என்பது இங்குள்ள தர விதி. அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.

நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள். ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்து ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, வருஷத்தில் இரண்டு கோர்ஸுக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவரை நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்கிறது. 12 மாதத்தில் 12-க்கு மேல் நீல இன்ஹேலர் (இழுப்பு வந்தால் உடனே அடக்க எடுப்பது) வாங்கியவரை உடனே அழைத்துப் பார்க்கச் சொல்கிறது. இந்த எண்களைப் பணிவாக எடுத்துச் சொன்னால் கதவு சீக்கிரம் திறக்கிறது. தனியாரிடம் காசு கொடுத்து நிபுணரைப் பார்த்தாலும், என்ஹெச்எஸ் ஊசி வேண்டுமென்றால் கடைசியில் சிறப்பு மையத்துக்குத்தான் வர வேண்டும்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும், நேற்று ராத்திரி முழுக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர்கூட "ஐ ஆம் ஃபைன்" என்பார். அந்தப் பதிலும் அப்படியே பதிவில் ஏறும். ஆஸ்துமா கட்டுப்பாட்டுச் சோதனை என்று ஐந்து கேள்வி தருவார்கள், மொத்தம் 25 மதிப்பெண். 19 அல்லது அதற்குக் கீழே என்றால் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். இது பரீட்சை இல்லை, நல்ல மார்க் வாங்கி யாரையும் சந்தோஷப்படுத்த வேண்டாம். ஆங்கிலத்தில் விவரமாகச் சொல்ல வரவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், காசு கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்பதை அது ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

நர்ஸ்தானே பார்க்கிறார் என்று முகம் சுருக்காதீர்கள். எங்கள் சர்ஜரியின் ஆஸ்துமா நர்ஸ் ஐந்து நிமிடத்தில் என் நண்பரின் கையிலிருந்த இன்ஹேலரை வாங்கி, ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழலைப் பொருத்தி, மெதுவாக இழுக்கச் சொல்லிக் காட்டிய அளவுக்கு எந்தப் பெரிய டாக்டரும் காட்டியதில்லை. ஸ்பேசரைக் கழுவினால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும், துடைத்தால் மருந்து அதன் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

பல டாக்டர்கள் என்றால் மருந்துகள் மோதும் ஆபத்தும் உண்டு. டெரிஃபிலினில் இருப்பது தியோஃபிலின் வகை. அதை எடுத்துக்கொண்டிருப்பதைச் சொல்லாமல் கிளாரித்ரோமைசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ மாதிரி ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி, வாந்தி, படபடப்பு, வலிப்புவரை போகலாம். ஒற்றைத் தலைவலிக்கு வேறொரு டாக்டர் புரோப்ரனலால் எழுதினால் வாங்காமல் திரும்பிப் போய் ஆஸ்துமா என்று சொல்லுங்கள். அடிக்கடி ஸ்டீராய்டு எடுக்கிறவர் என்றால், 2020-இல் வந்த சிவப்பு நிற ஸ்டீராய்டு அவசர அட்டை வேண்டுமா என்று கேட்டு வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து எடுத்துவரும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

வீடு பார்க்கும்போது ஜன்னல் மூலையையும் அலமாரிக்குப் பின்னாலும் பாருங்கள், கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தால் வாடகை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். குளிர்காலத்தில் துணியை அறைக்குள் காயப் போடாதீர்கள். வீடு மாறி ஜிபியும் மாறினால், பழைய பதிவு வந்து சேர்ந்ததா என்று கேட்பதோடு, நிபுணரிடம் காத்திருப்பில் இருக்கும் உங்கள் பெயருக்குப் புது முகவரியைக் கொடுத்துவிடுங்கள். பழைய வீட்டுக்குப் போன கடிதத்துக்கு நீங்கள் வரவில்லை என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடவும் கூடும்.

உங்கள் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று. ஸ்டீராய்டு இன்ஹேலரில் இருக்கும் ஆஸ்துமாக்காரருக்குக் குளிர்காலக் காய்ச்சல் (ஃப்ளூ) தடுப்பூசி இலவசம். சர்ஜரிகள் இலையுதிர்காலத்தில் அதற்குக் குறுஞ்செய்தி அனுப்பும். அக்டோபர் பாதியாகியும் உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால், காலை எட்டு மணிக்கே போன் போட்டு, ஆஸ்துமாப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.