தரவுத் திட்டத்தை மேற்பார்வையிட யாரை அழைப்பது? வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட இலங்கையின் வன்னியில் உயர்கல்வி இன்று ஒரே வளாகத்துக்குள் அடங்குவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. அதே அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும், வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரியும் தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. இத்தகைய நிறுவனங்கள் மாணவர் கோவைகளைக் கணினிக்கு மாற்றி, பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்கப் புறப்படும்போது, திட்டத்துக்கு வெளியே நின்று அதைக் கவனிக்கச் சில சுயாதீன ஆலோசகர்கள் தேவைப்படுகிறார்கள். அவர்களைத் தேடும் விதத்திலேயே பல திட்டங்கள் சறுக்கிவிடுகின்றன.

வன்னியில் இதை அலுவலகச் சடங்காக நினைக்கக் கூடாது. 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் என்றால் என்னவென்று தெரியும். யார் பதிகிறார்கள், எதற்காகப் பதிகிறார்கள், பதிந்தது எங்கே போகிறது என்று தெரியாமலேயே திரும்பத் திரும்ப விவரம் கொடுத்த குடும்பங்கள் அவை. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளிடம்தான் இன்று தாய் தகப்பன் விவரம், வருமானம், நிரந்தர முகவரி எல்லாம் கேட்கிறோம். கேட்கும் நிறுவனத்தைத் தட்டிக்கேட்க யாராவது உண்டா என்று அவர்கள் நினைப்பது நியாயம்தான்.

முதல் தவறு, வேலையை எழுதுவதற்கு முன்பே ஆளை முடிவுசெய்வது. “அவர் நல்ல மனிதர், ஓய்வு பெற்றுவிட்டார், நேரம் இருக்கிறது” என்று ஒரு பெயர் கூட்டத்தில் எழும். எல்லோரும் தலையசைப்பார்கள். பிறகு அவருக்கு ஏற்றபடி பணிவரையறை தயாராகும். மரியாதையால் வந்தவர் மரியாதைக்காகவே மௌனமாக இருந்துவிடுவார். முதலில் அந்த ஆலோசகர் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சேகரிக்கும் விவரங்கள் தேவையானவையா, யார் யார் அவற்றைத் திறந்து பார்க்கலாம், பிழை வந்தால் மாணவர் எப்படித் திருத்துவது, செலவும் கால அட்டவணையும் நம்பக்கூடியவையா என்று கேள்விகளாகவே எழுதினால் நல்லது. ஆளைத் தேடுவது அதற்குப் பிறகு.

அடுத்தது, ஆலோசகர் குழு என்றவுடன் கணினித் துறையினரை மட்டும் கூப்பிடுவது. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

ஒரு பதிவுப் படிவத்தை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் என்ற இடத்தில் இரண்டே தெரிவுகள்: ‘உயிருடன் உள்ளார்’, ‘காலமானார்’. முல்லைத்தீவிலிருந்து வந்த மாணவி ஒருத்தியின் தகப்பனார் 2009 முதல் காணாமலாக்கப்பட்டவர். தாயார் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளை எதைத் தெரிவுசெய்வாள்? காலமானார் என்று தன் கையால் எழுத அவளுக்கு மனம் வராது. உயிருடன் உள்ளார் என்றால் அடுத்த பக்கம் அவருடைய தொழிலையும் வருமானத்தையும் கேட்கும். வெறுமையாக விட்டால் கணினி படிவத்தை ஏற்காது. எழுதுவினைஞர் பரிதாபப்பட்டு ஏதோ ஒன்றை அழுத்திவிடுவார். அந்த ஒரு சொடுக்கு அவளுடைய உதவிப்பண விண்ணப்பத்தில் முரண்பாடாக வந்து நிற்கலாம். இந்தப் படிவத்தை வடிவமைத்தவர் கெட்டவர் அல்லர். அவருக்கு இது தெரியாது, அவ்வளவுதான். மூன்றாவது தெரிவு ஒன்று வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லக்கூடிய ஒருவர் அறைக்குள் இருந்திருக்க வேண்டும்.

இப்படி இன்னும் பல உண்டு. 2006 முதல் 2009 வரை வன்னியில் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது உயர்தரம் முடித்து வருகிறார்கள். ஷெல் வீச்சுக்கு நடுவே பிறந்து, காலந்தாழ்த்திப் பதியப்பட்டவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிய முஸ்லிம் குடும்பங்களில் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பியவர்களின் பழைய ஆவணங்கள் புத்தளத்து முகவரியில் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் சிவராசா, அடையாள அட்டையில் சிவராஜா என்று எழுத்து மாறியிருப்பது அன்றாடக் கதை. அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்கள். வெளிவாரிப் பட்டம் படிக்கும் ஆசிரியர் ஒருவர் பழைய இலக்கத்தில் ஒருமுறையும் புதிய இலக்கத்தில் ஒருமுறையும் பதிவானால், கணினிக்கு அவர் இரண்டு பேர்.

மாவட்டம் என்ற ஒரு சொல்லும் நம் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயம் அல்ல. அரச பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையில் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் இருக்கின்றன. படித்த மாவட்டமும் வசிக்கும் மாவட்டமும் ஒரே கட்டத்துக்குள் கலந்துவிட்டால், அந்தத் தரவை வைத்து நாளை யாரோ எழுதும் கொள்கையும் கோணலாகிவிடும்.

ஆகவே குழுவில் கணினி அறிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும்; எல்லோரும் அவரைப் போலவே இருக்க வேண்டியதில்லை. பதிவாளர் பிரிவில் நீண்ட காலம் கோவை பார்த்தவர், தனிநபர் தரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி, அண்மையில் பட்டம் முடித்த ஒருவர், காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களோடு பழகிய சமூகப் பணியாளர் என்று தேடுங்கள். கலாநிதிப் பட்டம் கட்டாயம் என்று விளம்பரத்தில் எழுதினால் இவர்களில் பாதிப் பேர் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். விளம்பரத்தை ஆங்கிலத்தில் மட்டும் வெளியிட்டு ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால் மீதிப் பேரும் போய்விடுவார்கள். தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள், பிரதேச செயலக அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள், நான்கு வாரமாவது கொடுங்கள்.

கொடுப்பனவு விஷயத்தில் பலர் தயங்குகிறார்கள். “இது சேவைதானே” என்கிறார்கள். துணுக்காயிலிருந்து கொழும்புக் கூட்டத்துக்குப் போக வேண்டியவர் முதல் நாள் இரவே பஸ் ஏற வேண்டும். போய்த் திரும்ப இரண்டு நாள் உழைப்பு போய்விடும். பணம் கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் வாங்கும் நகரத்து ஆட்கள் மட்டும் மிஞ்சுவார்கள். கூட்டத்துக்கு இவ்வளவு, ஆவணம் வாசிக்கும் நாளுக்கு இவ்வளவு, பயணப்படி இவ்வளவு என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே தொகை. ஆளுக்கு ஆள் பேரம் பேசிய தொகையை வாங்கியவர், அதைக் கொடுத்தவரை எதிர்த்துப் பேசுவது கடினம்.

நலன் முரண்பாட்டை இரண்டு விதமாகக் கோட்டைவிடுகிறோம். ஒன்று, கேட்பதே இல்லை. மென்பொருள் வழங்கும் நிறுவனத்தில் முன்பு வேலை செய்தவரா, கேள்விப்பத்திரம் (டெண்டர்) சமர்ப்பிக்கப் போகும் நிறுவனத்தில் பங்கு உள்ளவரா, திட்டப் பணிப்பாளரின் கீழ் ஆய்வு செய்தவரா என்று எழுத்தில் கேட்க வேண்டும். மற்றது, வன்னி சின்ன இடம் என்பதை மறந்து, யாருக்கும் யாரோடும் தொடர்பே இருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுவது. அப்படிப் பார்த்தால் இங்கே ஒருவரும் மிஞ்சமாட்டார். மச்சான் முறையானவர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருப்பது குற்றம் ஆகாது. அதைச் சொல்லிவிட்டு, அவர் சம்பந்தப்பட்ட விடயம் வரும்போது வெளியே போய் இருப்பதே போதும். ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும் அதைக் கேட்டு, கூட்ட அறிக்கையில் பதியுங்கள். பிரித்தானியாவில் 1995இல் நோலன் பிரபு தலைமையிலான குழு பொதுப் பணிக்கு வகுத்த ஏழு நெறிகளில் நேர்மை, பக்கச்சார்பின்மை, வெளிப்படைத்தன்மை ஆகியன உண்டு. நேர்முகத் தேர்வுக்கு அவற்றை அளவுகோலாகக் கொள்ளலாம்.

நேர்முகத் தேர்வில் தகைமைகளை மறுபடி ஒப்புவிக்கச் சொல்வது நேர விரயம். ஒரு சூழ்நிலையைக் கொடுங்கள். “தரவை நாளை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். விடுப்பு எடுத்திருக்கும் மாணவர்களை இடைவிலகியவர்கள் என்று காட்டினால் கணக்கு சரியாகிவிடும் என்கிறார் பணிப்பாளர். என்ன செய்வீர்கள்?” சிலர் பணிப்பாளரின் பொறுப்பு என்பார்கள். சிலர் உடனே முறைப்பாடு செய்வேன் என்பார்கள். அந்த மாணவரின் மகாபொல புலமைப்பரிசிலுக்கு என்ன ஆகும், பதிவைப் பிறகு திருத்த வழி உண்டா, இன்னும் இரண்டு நாள் அவகாசம் கேட்டுப் பார்த்தார்களா என்று திருப்பிக் கேட்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலம் தவறுவதும் ஒரு தவறுதான். மென்பொருள் ஒப்பந்தம் கையெழுத்தாகி, படிவங்கள் அச்சாகி, பயிற்சியும் முடிந்த பிறகு ஆலோசகர்களை அழைத்தால் அவர்கள் சொல்வதற்கு என்ன இருக்கிறது? பிரித்தானிய அனுபவம் ஒன்று இருக்கிறது. 1993இல் தொடங்கிய அங்குள்ள உயர்கல்விப் புள்ளிவிவர முகவர் நிறுவனம், மாணவர் தரவைச் சேகரிக்கும் முறையையே மாற்றும் பெருந்திட்டம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தியது. 2022 ஒக்டோபரில் அது ஜிஸ்க் (Jisc) என்ற கல்வித் தொழில்நுட்ப அமைப்போடு இணைந்தது. புதிய முறையில் சேகரித்த 2022–23 கல்வியாண்டுக்கான மாணவர் தரவு, வழக்கமான காலத்தைத் தாண்டிப் பல மாதங்கள் தாமதமாக, 2024 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. பணமும் நிபுணர்களும் பழக்கமும் உள்ள நாட்டிலேயே இப்படி என்றால், எங்கள் நிறுவனங்கள் வெளிக் கண்களைக் கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்பே அமர்த்திக்கொள்வது நல்லது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. நிறுவனம் தனக்காக நியமித்துக்கொள்பவர் அவர். “எங்களிடம்தான் அந்த அலுவலர் இருக்கிறாரே” என்று சொல்லி ஆலோசகர்களைத் தவிர்க்க முடியாது. அவருடைய வேலையையும் சேர்த்து மேற்பார்வையிடுவது ஆலோசகர்களின் வேலை.

கடைசியாக நியமனக் கடிதம். திட்டப் பணிப்பாளரே நியமித்து, பணிப்பாளரே பணம் கொடுத்து, பணிப்பாளரே நீக்கலாம் என்றால் அந்த ஆலோசகர் சுயாதீனமானவர் அல்லர். கடிதம் பல்கலைக்கழகத்தின் ஆளும் குழுவான பேரவையிடமிருந்து வர வேண்டும், அறிக்கையும் பேரவைக்கே நேராகப் போக வேண்டும். பல நிறுவனங்கள் சேர்ந்த திட்டமானால், எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட ஒரு மேலமைப்பு அதைச் செய்யலாம். பதவிக்காலம் மூன்று ஆண்டு என்று வையுங்கள். எல்லோருடைய காலமும் ஒரே நாளில் முடியாதபடி பிரித்து வையுங்கள். ஆவணங்கள் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, தமிழில் கேட்பவருக்குத் தமிழில் கிடைக்க வேண்டும். எண்பது பக்க அறிக்கையைத் தேநீரோடு சேர்த்து மேசையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஒப்புதல் கேட்கும் வழக்கம் இதனால்தான் நிற்கும். மாற்றுக் கருத்தைக் கூட்ட அறிக்கையில் பெயரோடு பதியும் உரிமையும் எழுத்தில் இருக்கட்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாராவது அந்த அறிக்கையைக் கேட்கக்கூடும் என்பதையும் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஒருவரை இடையில் நீக்குவதாயின் எந்தெந்தக் காரணங்களுக்காக நீக்கலாம் என்று கடிதத்திலேயே வரிசைப்படுத்துங்கள். அவர் தானாக விலகினால், விலகல் கடிதம் அடுத்த பேரவைக் கூட்டத்தில் முழுமையாக வாசிக்கப்பட வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.