ஆரல்வாய்மொழிக் காற்றில் காதைத் தொலைக்காமல் வண்டி ஓட்ட

ஆனி, ஆடியில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு பைக்கில் வருகிறவர்களுக்குத் தெரியும், காவல்கிணறு தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டார்கள்? வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம். அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிட்டால் பக்கத்துத் தெருவிலிருந்து கூப்பிடுவதுபோல் கேட்கும். பயணக் களைப்பு என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். அது தப்பு. உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அடிவாங்கியதன் அடையாளம் அந்த இரைச்சல். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்தான். ஆனால் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் அவை செத்துப்போகும், மறுபடி முளைக்காது.

“நான் அறுபதுக்கு மேல முறுக்குறதே இல்ல” என்பார்கள். 60-இல் போகும்போது எதிர்காற்று 40-இல் வீசினால், ஹெல்மெட்டில் மோதுவது 100 கிலோமீட்டர் வேகக் காற்று. அந்த வேகத்தில் முழுமுக ஹெல்மெட்டுக்குள்ளேயே இரைச்சல் 100 டெசிபலை (சத்தத்தை அளக்கும் அலகு) ஒட்டி இருக்கும். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் சேருவதற்குள் அது தீர்ந்துவிடும்.

விலை கூடிய ஹெல்மெட் வாங்கினால் போதும் என்பதும் நடக்காது. தாடைக்குக் கீழே உள்ள இடைவெளியிலும் வைசர் ஓரத்திலும் காற்று சுழல்வதால்தான் பெரும்பாலும் இரைச்சலே உண்டாகிறது. கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டி, நுனியைச் சட்டைக்குள் செருகினால் கொஞ்சம் குறையும். குட்டையான வின்ட்ஷீல்டு சிலருக்குக் காற்றை நேராகத் தலைக்கே ஏற்றிவிடும்.

காதில் பஞ்சு வைப்பது வெறும் மனத்திருப்தி. மெடிக்கலில் கிடைக்கும் நுரை இயர் பிளக் வாங்குங்கள். அதிலும் பெரும்பாலானோர் செய்யும் தவறு, அதைக் காதின் வாசலில் ஒட்டிவைத்துவிட்டுப் பிரயோஜனம் இல்லை என்று தூக்கி எறிவது. கையைக் கழுவிவிட்டு, பிளக்கைச் சுருக்கமில்லாமல் மெல்லிய திரியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேல்நோக்கியும் பின்னோக்கியும் இழுத்தால் துளை நேராகும். உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அழுக்கேறினால் மாற்றிவிடுங்கள்.

ஹார்ன் கேட்காதே என்று பயப்படுகிறார்கள். பிளக் காற்றையும் ஹார்னையும் சேர்த்தே குறைக்கிறது. காற்றின் ஆரவாரம் அடங்கியபின் ஹார்ன் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. நாகர்கோவில் வடசேரி நெரிசலுக்குள் நுழையுமுன் ஓரம் நிறுத்திக் கழற்றிவிடுவேன், அங்கே மெதுவாகத்தானே ஊர்கிறோம். காற்றிரைச்சலை அமுக்கப் பாட்டைக் கூட்டிவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 100 டெசிபலுக்கு மேல் ஏற்றினால்தான் பாட்டே கேட்கும்.

காது இரைகிறது என்று தேங்காயெண்ணெய் காய்ச்சி விடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் போகாது, அடிபட்ட இடமோ அதற்கும் உள்ளே. இரைச்சல் இரண்டு நாளாகியும் விடாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்.