அடையாறு முகத்துவாரத்துக்குக் கரைப்பறவை பார்க்க ஒரு குழுவை அழைத்துப் போவது எப்படி?

பறவை பார்த்துப் பழக்கமில்லாத பத்துப் பேரைச் சென்னை அடையாறு முகத்துவாரத்துக்கு நீங்கள் கூட்டிப் போவதாக வைத்துக்கொள்வோம். தொப்பி, தண்ணீர், செருப்பு பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. பத்துப் பேருக்கு மேல் மட்டும் வேண்டாம்.

1. மாதம்

சேற்றிலும் நீரோரத்திலும் மேயும் கரைப்பறவைகளில் வலசை வருபவை செப்டம்பர் முதல் மார்ச் வரை இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகிச் சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடுவதால் என் தேர்வு ஜனவரி, பிப்ரவரி.

2. நேரம்

பலரும் சறுக்குவது இங்கேதான். "ஞாயிறு காலை ஆறு மணி" என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் போனால் பாதி முறை ஏமாற்றம்தான். கரைப்பறவைகளுக்குக் கடிகாரம் கடல் ஏற்ற வற்றம். வற்றத்தில் சேறு அகலமாக வெளியே தெரியும். பறவைகள் எங்கோ தூரத்தில் புள்ளி புள்ளியாக மேயும். ஏற்றம் தொடங்கினால் தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்துவிடுங்கள்.

ஓத அட்டவணை (ஏற்ற வற்ற நேரங்களின் பட்டியல்) தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏற்றம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் அது ஆறு மணி நேரத்தை நெருங்கும். அதாவது இந்த ஞாயிறு விடியலில் வற்றம் என்றால், அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் ஏற்றமாக இருக்கும். ஒரு வாரம் ஒத்துவராவிட்டால் அடுத்த வாரம் பாருங்கள், அவ்வளவுதான்.

3. நிற்கும் இடம்

கிழக்குக் கடற்கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து வரும். கடலைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். 1977-இல் இடிந்து, 'உடைந்த பாலம்' என்றே அழைக்கப்படும் பாலத்தின் பக்கம், கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே கழிமுகத்தைப் பாருங்கள். பவளக்காலி என்ற கரைப்பறவையின் சிவப்புக் கால் அப்போதுதான் சிவப்பாகத் தெரியும். பாலத்தின் மேல் யாரையும் ஏற விடாதீர்கள்.

உட்கார்ந்த பிறகு எழுந்து நெருங்குவது கூடாது. கொசு உள்ளான் என்ற குட்டிக் கரைப்பறவையின் எடை பொதுவாக 30 கிராமுக்கும் குறைவு; ஆர்க்டிக் பகுதியில் இனப்பெருக்கம் செய்துவிட்டு இங்கே வருகிறது. நீங்கள் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும், திரும்பிப் போகச் சேர்க்கும் கொழுப்பில் கொஞ்சம் போகிறது.

4. கருவி

8x42 இருநோக்கி போதும். 10x50 கனமானது, புதியவர் கையில் ஆடிக்கொண்டே இருக்கும். குழுவுக்கு முக்காலியுடன் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்துப் பறவையைப் பெரிதாகக் காட்டும் தொலைநோக்கி) இருந்தால் நல்லது. குரலை வைத்துப் பெயர் சொல்லும் செயலிகளை அலைச் சத்தத்தில் நம்ப வேண்டாம்.

5. எதைக் காட்டுவது

பெயரில் தொடங்காதீர்கள். மேயும் விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும்: அது உப்புக்கொத்தி, கண்ணால் இரை தேடுவது. தலையைக் குனிந்து, தையல் மெஷின் ஊசி போல இடைவிடாமல் சேற்றைக் குத்தினால் அது பெரும்பாலும் உள்ளான். அலகின் நுனியால் தொட்டுணர்ந்து தேடுகிறது. இந்த இரண்டும் பிடிபட்டால் முதல் நாளுக்கு அதுவே தாராளம். ஒன்றுபோலவே தெரியும் மணல் உப்புக்கொத்திகளில் எது எந்த இனம் என்ற சண்டையை அனுபவசாலிகளுக்கு விட்டுவிடுங்கள். நிபுணர்களே அவற்றின் இனப் பட்டியலை 2023-இல் மாற்றினார்கள்!

பின்சேர்க்கை: "அட்டவணைப்படி போனோம், தண்ணீர் அசையவே இல்லை" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டிருந்தால் கடல் ஏற்றம் உள்ளே வராது. முந்தின நாளே, முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களிடம் "முகம் திறந்திருக்கா அண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். அடைபட்டிருந்தால் அட்டவணையை மறந்துவிட்டு, சேறு எந்தப் பக்கம் வெளியே தெரிகிறதோ அங்கே விடிந்ததும் போய் உட்காருங்கள்.